கடலில் போட்ட பேர்

அன்று காலை சிட்னிப் புறநகரான டூங்கபியில் இருந்த வெள்ளைக் கொண்டைக் கிளிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பி மேற்குப் பக்கமாகப் பறந்து போயின. காலநிலை மாற்றம் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைக் காரணம், யோகராணி புட்டுப் பானையின் மூடியைக் குசினி மேடையில் வைத்த விதம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாயே எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

சிவனேஸ்வரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. யோகராணி அவளுடைய கணவனின் அக்கா. யாழ்ப்பாண முறைப்படி மச்சாள். மூடி வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடும் அளவுக்கு அந்த வீட்டில் சிவனேஸ்வரிக்கு அனுபவம் உண்டு. இன்றைக்கு இடி, மின்னல், கரையோரங்களில் பலத்த காற்று.

"இஞ்சாருங்கோ, சொந்தப் பேரிலை பாங்க் எக்கவுண்ட் துறக்கட்டாமோ?" யோகராணி கேட்டது தன் கணவர் கணேசலிங்கத்திடம். குறி வைத்தது தேங்காய் திருவுகிறவளை. "எந்தச் சொந்தப் பேரிலையாம்? கேட்டுச் சொல்லுங்கோவன்."

கணேசலிங்கம், ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குப் பின்னால் முழு உடம்பையும் ஒளித்து வைக்கத் தெரிந்த மனிதர். கோப்பைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அடுத்த கிழமைக்குள்ளை துறக்க வேணுமாமப்பா. இல்லாட்டி வேலை..."

மிச்சத்தைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினார்.

சிவனேஸ்வரி வேலை பார்த்தது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அவள் வைக்கிற பருப்புக்காகவே இரண்டு பேர் சாவைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. ரசம் வைக்கிற நாளில் மூன்று பேர் என்றும் சொல்வார்கள். ஆனால் அவளுக்கென்று ஒரு வங்கிக் கணக்கு இல்லாததால் சம்பளம் கணேசலிங்கத்தின் கணக்குக்குத்தான் போனது. அவர் அதைச் சாமிக்குப் படைக்கிற பக்குவத்தோடு எடுத்து வந்து ஒரு கடித உறையில் போட்டு அவள் கையில் கொடுப்பார். இப்போது இல்லத்துக்குப் புதிய நிர்வாகி வந்திருந்தார். யாருடைய சம்பளமும் அவரவர் பேரில் உள்ள கணக்குக்கு மட்டுமே போகும், கணக்கு இல்லாதவர்களை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பிழையான சட்டம் என்றும் சொல்ல முடியாது. லிட்கமில் இருந்த சத்தியபாமாவும் சிவனேஸ்வரி போல அகதியாகப் படகில் வந்தவள்தான். அவளுடைய சம்பளத்தை யாரோ ஒரு தெரிந்தவருடைய கணக்குக்கு விட்டு, அந்தத் தெரிந்தவர் ஒரு நாள் தெரியாதவராகிப் போனார். அதைக் கேட்ட நாளிலிருந்து சிவனேஸ்வரி ஒவ்வொரு முறையும் அந்த உறையை வாங்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கணேசலிங்கம் வெட்கப்பட்டு வெளியே போய், நனைந்து கிடக்கிற ரோசாவுக்கே திரும்பத் தண்ணீர் விடுவார்.

அவளுக்கு இந்த வீட்டின் மேல் நன்றி. அது பெரிய நன்றி; டூங்கபியில் வைத்தால் பக்கத்து ஊரான பெண்டில் ஹில் வரை வழியும். கணவன் வவுனியா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய பிறகு, ஒற்றைப் பெண்ணாக ஒஸ்ரேலியாவுக்குப் படகேறி, தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து, ஒரு பொலித்தீன் பையோடு இந்த வாசலில் நின்றபோது கதவைத் திறந்தவள் யோகராணி. "என்ர தம்பியில்லாமல் வந்து நிக்கிறியேயடி" என்று கட்டிப்பிடித்து அழுதாள். அவள் அழுத அழுகையில் தெருவில் குடியிருந்த லெபனான்காரர், சீனர், கொரியர் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்து நின்றார்கள். இரண்டு நாள் தன் கையால் சோறு ஊட்டினாள். மூன்றாம் நாள் சிவனேஸ்வரியின் குடிவரவு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதோடு முகம் கல்லாகிப் போனது.

"எங்கட பேரைக் கடல்லை போட்டுட்டு வந்தவள்."

பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் உப்புக்குப் பதிலாக அந்த வசனத்தைத்தான் போடுகிறார்கள் என்று சொல்லலாம். சிவனேஸ்வரி அதற்குப் பதில் சொன்னதே இல்லை. படகில் வந்தவள் என்பதால் குடும்பத்தின் பேர் கெட்டுவிட்டது, மானம் போய்விட்டது, அதைத்தான் மச்சாள் சொல்கிறா என்று நினைத்துக்கொண்டாள். படுக்க இடமும் சோறும் தந்த வாய், இரண்டு சொல்லும் தந்துவிட்டுப் போகட்டும்.

சிவனேஸ்வரி பழைய கால ஆள். கணவனின் பேரை வாழ்நாளில் ஒரு தடவை கூட உச்சரித்ததில்லை. அவர் பேர் பாலகிருஷ்ணன். அதனால் அவள் 'பால்' என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. ஊரில் 'வெள்ளை' என்பாள். டூங்கபிக்கு வந்து அவள் முதன்முதலில் கற்று, ஆங்கிலேயரே வியக்கும்படி உச்சரித்த ஆங்கிலச் சொல் 'மில்க்'. பாலத்தைக் கூட அவள் 'பிரிட்ஜ்' என்றுதான் சொல்லுவாள். ஹார்பர் பிரிட்ஜைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தமிழச்சி வேறொருத்தி இருந்திருக்க முடியாது.

அன்றைக்கே கணேசலிங்கம் அவளை வங்கிக்கு அழைத்துப் போனார். கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு குடிவரவு அட்டையைப் பார்த்தாள். பிறகு ஊரில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்திலிருந்து போன மாதம்தான் வந்து சேர்ந்த கலியாணப் பத்திரத்தின் பிரதியைப் பார்த்தாள். பிறகு கொம்பியூட்டரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல வாடியது.

ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? காரே இல்லை. அவள் பேரில் மின்சாரக் கட்டணம் ஏதாவது? வீடு கணேசலிங்கத்துடையது. பாஸ்போர்ட்? பாஸ்போர்ட் தரவேண்டிய நாட்டிலிருந்துதானே ஓடி வந்தது.

அட்டையில் இருப்பவர் ஒருவர், கலியாணப் பத்திரத்தில் இருப்பவர் வேறொருவர் என்று அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். ஒரே சேலைக்குள் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். கொம்பியூட்டருக்கு இருவரையுமே பிடிக்கவில்லை. போகும்போது "சொறி, மிஸிஸ் எங்-கேடா-வோட்டா" என்றாள்.

சிவனேஸ்வரி தலையாட்டினாள். இந்த நாட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். டொக்டரிடத்தில் ஒரு மாதிரி, வேலையிடத்தில் இன்னொரு மாதிரி. 'பாலகிருஷ்ணன்' என்பதை வெள்ளைக்காரர் வாய் இப்படித்தான் சப்பித் துப்பும் போல என்று அவள் நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டு சேஷாத்ரியை அவர்கள் 'சாஷிட்ரி' என்றும் 'சேட்டர்டே' என்றும் கூப்பிடுவதைக் கேட்டவள். அதோடு பார்த்தால் இது ஒன்றும் பெரிய கொடுமை இல்லை.

"அண்ணை, என்னவாம்?"

கணேசலிங்கம் தரையைப் பார்த்தார். "பேர் ஒத்து வரேல்லையாம், பிள்ளை."

"எழுத்துப் பிழையாக்கும்."

"ஓம்... எழுத்துப் பிழைதான்" என்றார். மனைவியின் கோபத்துக்கு என்ன காரணம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில் அவர் பட்டம் வாங்கியவர்.

வீட்டுக்கு வந்ததும் யோகராணி கதவடியிலேயே நின்றாள்.

"துறந்தாச்சோ?"

"இல்லை மச்சாள். பேர் ஒத்து வரேல்லையாம்."

"எப்பிடி ஒத்து வரும்? பொய்ப் பேரும் மெய்ப் பேரும் எந்த நாட்டிலையடி ஒத்து வந்தது?"

சிவனேஸ்வரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "என்ன பொய்ப் பேர்?"

"நடிக்காதை. தம்பியின்ர பேரை உனக்குத் தந்து, உன்ர கையை அவனிட்டைப் பிடிச்சுக் குடுத்தவள் நான். இந்த நாட்டிலை அவனுக்கெண்டு ஒரு பிடி மண் இருக்கோ? ஒரு படம் இருக்கோ? அவன்ர செத்தவீட்டுக்கு நான் வந்தனானோ? அவன்ர பேர் ஒண்டுதான் உன்னோடை வந்திருக்க வேணும். அதைக் கடல்லை போட்டுட்டு, ஆரோ ஒரு சிங்களவன்ர பேரை ஒட்டிக்கொண்டு வந்து நிக்கிறாய்..."

இப்போதுதான் சிவனேஸ்வரிக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் மச்சாள் சொன்ன 'பேர்' மானம் அல்ல, பேரேதான். ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து இருந்த பாவத்துக்கு இரண்டு பெண்கள் ஒரே குசினியில் பன்னிரண்டு வருஷம் வேறு வேறு சண்டையைப் பிடித்திருக்கிறார்கள்.

"சத்தியமாச் சொல்லுறன் மச்சாள்... நான் அவற்ற பேரைத்தான் குடுத்தனான்."

"அப்ப இதிலை என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்." அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கெட்டவத்தையோ குட்டவத்தையோ... வாயிலையும் வராத பேர்."

ஆங்கில எழுத்து சிவனேஸ்வரிக்கு அவ்வளவு ஓடாது. அட்டையை வாங்கினாள். பார்த்தாள். அந்த எழுத்துகள் எறும்பு வரிசை போலக் கண்ணீருக்குள் மிதந்து போயின.

"எனக்குத் தெரியேல்லை... நான் அவரைத்தான் சொன்னனான்."

"உன்ர வாயாலை அவன்ர பேரைச் சொன்னனியோ? என்ர மூஞ்சையைப் பாத்துச் சொல்லு."

சிவனேஸ்வரி வாயைத் திறந்தாள். மூடினாள். கணவனின் பேரைச் சொல்லாதவள் எப்படி 'ஓம், சொன்னனான்' என்று சொல்லுவாள்? யோகராணிக்கு அந்த மௌனம் போதும். அவள் உள்ளே போன வேகத்தில் சுவரில் இருந்த முருகன் வலப்பக்கம் சாய்ந்தார்.

அன்று பின்னேரம் சிவனேஸ்வரி தன் சேலைகளை ஒரு சூட்கேசில் அடுக்கினாள். மெல்பனில், நோபல் பார்க்கில், முகாமில் கூட இருந்த ஒருத்தி வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை போகப் போகிறது. வங்கிக் கணக்கு இல்லாதவளுக்கு அறை வாடகைக்குத் தர மாட்டார்கள், வேறு வேலையும் தர மாட்டார்கள். ஆனால் உழைத்துச் சாப்பிட்ட நாளிலேயே கசந்த சோறு, உழைக்காத நாளில் தொண்டையால் இறங்குமா? அழவில்லை. சேலைகளின் மடிப்பு அவ்வளவு நேராக இருந்ததைப் பார்த்தே அவள் எவ்வளவு உடைந்து போயிருக்கிறாள் என்று தெரிந்தது.

யோகராணியின் மகள் மயூரா வேலை முடிந்து வந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமி, ஸ்ரொப். ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்லை. அம்மா இஸ் பீயிங் ரிடிகியுலஸ்."

"கொம்மாவை அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை. அவ என்னைச் சாக விடாமல் வச்சிருந்தவ."

"யா, ஐ நோ. ஒண்டையும் மடிக்காமல் கொஞ்சம் இருங்கோ."

மயூரா போனை எடுத்து வங்கிக்கு அடித்தாள். ஐந்து பேரிடம் கைமாறி, ஐந்து தடவை அதே காத்திருப்பு இசையைக் கேட்டு, கடைசியில் அதே கிளையில் இருந்த பார்கவி என்ற தமிழ்ப் பெண்ணிடம் வந்து சேர்ந்தாள். திருச்சிக்காரி. பத்திரங்கள் சரியாக இல்லாதவர்களுக்கென்றே வங்கியில் வேறொரு வழி இருக்கிறது என்றாள்.

"எல்லாப் பேப்பரும் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் பேங்க்னா, பேப்பர் தொலைச்சவங்க எங்க போவாங்க, சொல்லுங்க?" போன் ஒலிபெருக்கியில் அவள் குரல் அறை முழுவதும் கேட்டது. "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு அம்மா ஒரு சத்தியக் கடுதாசி எழுதி ஜேபி முன்னாடி கையெழுத்துப் போடணும். அப்புறம் அவங்களைக் கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே தெரிஞ்ச ஒருத்தர் கூட வந்து, இவங்க யாருன்னு சொல்லணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

அறையில் எல்லோரும் குசினிப் பக்கம் பார்த்தார்கள். இந்தக் கண்டத்தில் அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள். தம்பிக்கென்று வடமராட்சியில் பதினெட்டு வீட்டில் பலகாரம் சாப்பிட்டு, பத்தொன்பதாவது வீட்டில் சிவனேஸ்வரியைத் தெரிவு செய்தவள்.

"நானோ?" என்றாள் யோகராணி. "நான் போய் என்னத்தைச் சொல்ல?"

அப்போது கணேசலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் முகம் முழுதாகத் தெரிந்தது அன்றைக்குத்தான் என்று மயூரா பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

"பொய் சொல்லச் சொல்லேல்லை. உமக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொல்லும்."

"ஓம், வாறன்" என்றாள் யோகராணி. "வந்து உண்மையைத்தான் சொல்லுவன். என்ர தம்பியைக் கட்டினவள் எண்டதையும் சொல்லுவன். அவன்ர பேரை மாத்தினவள் எண்டதையும் சொல்லுவன். பிறகு பாங்க்காரர் பாத்துக்கொள்ளட்டும்."

சிவனேஸ்வரி சூட்கேசை மூடி வாசலடியில் வைத்தாள். மச்சாள் அந்த இரண்டாவது வசனத்தைச் சொன்னால் கணக்கு இல்லை, வேலை இல்லை, நேரே ரெயில்தான்.

ஜேபி என்பவர், சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிற தொண்டர். மறுநாள் பெண்கள் மூவரும் போனபோது அவர் கடைத்தொகுதியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், ஒரு மடிக்கிற மேசையும் மூன்று கதிரையும் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை. மேசையில் பேர்ப் பலகை; சிங்களப் பேர். விக்கிரமசூரிய.

பலகையைப் பார்த்ததும் யோகராணியின் முதுகு கரும்பலகை போல விறைத்தது.

"வாங்கோ அம்மா, இருங்கோ" என்றார் அவர் தமிழில். "பயப்பட வேணாம். நான் யாழ்ப்பாண ரெயில்வே ஸ்டேஷன்ல வேலை செஞ்சது. உங்க ஊர்ப் பனங்காய்ப் பணியாரம் சாப்பிட்டு வளர்ந்த வயிறு இது."

சிவனேஸ்வரி கைகூப்பினாள். யோகராணி கைப்பையை மடியில் வைத்து, அதைக் கோட்டை மதில் மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மயூரா பின்னால் நின்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். நிதானமாக, இலங்கையில் பிறந்த வாயால், இந்த நாட்டில் முதன்முதலாக அந்தப் பேரை முழுதாக வாசித்தார்.

"சிவனேஸ்வரி... எங்கடவத்த."

வாசித்துவிட்டு அவரே யோசனையில் விழுந்தார்.

"வத்தன்னா சிங்களத்துல தோட்டம், எனக்கு எல்லா வத்தையும் தெரியும் அம்மா. வெள்ளவத்த தெரியும், கடவத்த தெரியும், தேயிலைத் தோட்டத்துக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வத்தை எல்லாம் தெரியும். இந்த எங்கடவத்த மட்டும் கேள்விப்பட்டதே இல்ல. எந்தப் பக்கம்?"

யோகராணியின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"இன்னொருக்கா வாசியுங்கோ."

"எங்கடவத்த."

"மெதுவா."

"எங்கட... வத்த."

யோகராணி சிவனேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கணவனை இடையில் வைக்காமல், நேரே அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"சிவனேஸ்... கரையிலை இறங்கினவுடனை உன்னட்டை என்ன கேட்டவங்கள்?"

"குடும்பப் பேர் என்ன எண்டு. வெள்ளைக்காரர் கேட்டார். போனிலை ஒராள் தமிழிலை சொன்னார். போன் ஒரே இரைச்சல்."

"நீ என்ன சொன்னனி?"

"என்னத்தைச் சொல்லுறது மச்சாள்?" சிவனேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். "எங்கடவற்ற பேர்தான் எண்டு சொன்னனான்."

எங்கடவர். தாலி கட்டியவரின் பேரைச் சொல்லக் கூசுகிற வாய் அவருக்கு வைத்திருக்கிற பேர் அது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் குசினியில் காது வைத்தாலும் கேட்கும். எங்கடவற்ற பேர் என்றால், என் கணவருடைய பேர். இரைச்சலுக்குள் போனில் இருந்தவருக்கு அது எப்படிக் கேட்டதோ, அதிகாரி தன் காதுக்கு வந்ததை எழுதினார். நாலு எழுத்தை நெரித்து, கடைசியில் ஒரு 'வத்த' போட்டு, இல்லாத ஒரு சிங்களக் கிராமத்தையே உண்டாக்கி, அதற்கு ஒரு தமிழச்சியைக் குடிவைத்துவிட்டார்.

யோகராணியின் வாயிலிருந்து முதலில் வந்தது சிரிப்பு. மருந்துக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியில் உடைந்து, உள்ளேயிருந்து வேறொன்று வந்தது. அதைக் கேட்டு மருந்துக் கடைக்காரர் முகம் துடைக்க ஒரு பெட்டி ரிசு பேப்பரோடு ஓடி வந்தார், காசும் வாங்கவில்லை.

"என்ர ஐயோ... போடேல்லையேயடி நீ. அவன்ர பேரைக் கடல்லை போடேல்லை. வாயாலை சொன்னாத் தேஞ்சு போமெண்டு பொத்திப் பொத்திக் கொண்டந்திருக்கிறாய்... நான் பாவி, பன்னிரண்டு வருஷம்..."

"விடுங்கோ மச்சாள்."

"என்னெண்டு விட? ஒரு நாள் எண்டாலும் என்னைத் திருப்பிக் கேட்டியோ? ஏன் இப்பிடிச் சொல்லுறீங்கள் எண்டு ஒரு சொல்லுக் கேட்டியோ?"

"நீங்கள் படகிலை வந்ததைச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்."

"படகிலை வந்ததுக்கு ஆரடி கோவிச்சது? உசிரோடை வந்தியெண்டு நான் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பிச்சனான்." யோகராணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மடிக்கிற மேசை ஆடியது. விக்கிரமசூரிய தன் முத்திரையையும் மைப்பெட்டியையும் தூக்கி நெஞ்சோடு வைத்துக் காப்பாற்றினார்.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றாள் மயூரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கான் சம்படி எக்ஸ்பிளெய்ன்?"

"அம்மா ஒரு விசரி எண்டு அர்த்தம்" என்றாள் யோகராணி. "உங்கட அப்பாவின்ர பேரை நான் எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கிறியோ? பல்லு டொக்டர் என்ர புருசன்ர பேரைக் கேக்க, ஆனைமுகத்தார் எண்டு தும்பிக்கை காட்டினவள் நான். அந்த மனுசன் எனக்குப் பல்லு நீளுதாக்கும் எண்டு ஒரு பல்லைப் பிடுங்கிப்போட்டான். அவ்வளவு தெரிஞ்ச எனக்கு இது தெரியேல்லையே..."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் விக்கிரமசூரிய. "ஐம்பது வருஷமா எனக்குப் பேரே இல்ல. 'மே...'ன்னா சிங்களத்துல 'இந்தாங்க', அதுதான் என் பேர்."

பிறகு அவர் பேனாவைத் திறந்து, கடதாசியைச் சிவனேஸ்வரியின் முன்னால் வைத்தார். முகம் கொஞ்சம் கவலையானது.

"அம்மா, ஒரு கஷ்டம் இருக்கு. இந்தச் சத்தியம் நீங்கதான் சொல்லணும். உங்க கணவர் பேர் என்னன்னு உங்க வாயால சொன்னாத்தான் நான் எழுதலாம்."

சிவனேஸ்வரி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"புல்லாங்குழல் வச்சிருப்பார்..." என்று தொடங்கினாள். "சின்னப் பிள்ளையா இருக்கேக்குள்ளை..."

"விளங்குது அம்மா. ஆனா விளங்குறதை நான் எழுதக் கூடாது."

"நான் சொல்லுறன்" என்று வாயெடுத்த யோகராணி, பாதியில் தானே நிறுத்திக்கொண்டாள். சிவனேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"சொல்லு பிள்ளை. ஒரு பிழையுமில்லை. கலியாணம் முடிச்சு வந்த நாளிலையிருந்து, இவள் ஒருக்கா எண்டாலும் என்ர பேரைச் சொல்ல மாட்டாளோ அக்கா எண்டு என்னட்டை எத்தினை தரம் கேட்டவன் தெரியுமோ? எங்கையிருந்தாலும் அவனுக்குக் கேக்கட்டும்."

கடைத்தொகுதி வழக்கம் போல இரைந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிகள் உருண்டன, ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுதது. சிவனேஸ்வரி தலையைக் குனிந்து, கண்ணை மூடி, இருமல் மாதிரி ஒரு மூச்சை வெளியே விட்டு, அதற்குப் பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"பாலகிருஷ்ணன்."

வானம் இடியவில்லை. கூரை அப்படியே இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். உதட்டில் அந்தப் பேரின் ருசி இருந்தது. இத்தனை காலம் இவ்வளவு இனிப்பான ஒரு சொல்லைச் சொல்லாமலே இருந்துவிட்டோமே என்பது போல, இன்னொரு தரம், இம்முறை எழுதுகிறவருக்காக இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

விக்கிரமசூரிய எழுதினார். முத்திரையைக் குத்தும்போது அவர் கண்ணாடி மறுபடியும் மங்கிப் போயிருந்தது.

இப்போது யோகராணியின் முறை. விண்ணப்பதாரி உங்களுக்கு என்ன முறை என்று படிவத்தில் கேட்டிருந்தது. யோகராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி எண்டு எழுதுங்கோ."

"அம்மா, தட்ஸ் நொட் டெக்னிக்கலி..."

"நீ வாயைப் பொத்து. சரி, தம்பியின்ர மனுசி எண்டு எழுதுங்கோ. பிராக்கெட்டுக்குள்ளை தங்கச்சி."

அடுத்த தளத்தில் வங்கி. பார்கவி அவர்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடதாசிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'எங்கடவத்த' கதையை மயூரா பாதி ஆங்கிலத்திலும் யோகராணி மீதி அழுகையிலும் சொன்னார்கள். பார்கவி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

"கணக்குத் திறந்தாச்சும்மா" என்றாள் பிறகு. "நாளைக்கே வேலை செய்யற எடத்துல நம்பரைக் குடுத்துடலாம். ஒரே ஒரு விஷயம். இப்போதைக்கு அட்டையில இருக்கற பேர்லதான் திறக்க முடிஞ்சுது. அட்டையில பேர் மாத்த விண்ணப்பம் போட்டீங்கன்னா, அது வந்ததும் இங்கயும் பாலகிருஷ்ணன்னு மாத்திடறேன். அதுவரைக்கும் இந்தத் தப்பான பேர் பரவாயில்லையா?"

சிவனேஸ்வரி பதில் சொல்வதற்குள் யோகராணி மேசையில் கையை வைத்தாள்.

"அதிலை என்ன பிழை, பிள்ளை?"

"இல்லம்மா, அது பேரே இல்லையே..."

"எங்கடவற்ற. அவருடையவள். ஒஸ்ரேலியா முழுக்கத் தேடினாலும் ஒரு பெண்சாதிக்கு இவ்வளவு சரியான பேர் எழுதின அட்டை கிடையாது. ஒரு எழுத்து மாத்த விடமாட்டன்."

"மச்சாள்..." சிவனேஸ்வரி சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. "அது உங்கட தம்பியின்ர பேரே இல்லையெண்டு நீங்கள்தானே..."

"நான் ஆயிரம் சொல்லுவன். எனக்கென்ன தெரியும்? உனக்குத்தான் அவனைத் தெரியும்." யோகராணி மூக்கைச் சீறிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "வீட்டை போனவுடனை உந்தச் சூட்கேசை நான்தான் அவிழ்ப்பன். நீ கை வைக்கப்படாது."

சிவனேஸ்வரி பார்கவியைப் பார்த்தாள். யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கா, கீழே மேசையோடு இருக்கிற அந்த மனுஷனுக்கா, இரைச்சல் போட்ட அந்தப் பழைய தொலைபேசிக் கம்பிக்கா. கடைசியில் மச்சாளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும் பிள்ளை" என்றாள் பார்கவியிடம். "இந்தப் பேரிலையே இருக்கட்டும்."

வெளியே கதிரைகளில் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், முந்தின நாள் மன்னிப்புக் கேட்ட அதே வெள்ளைக்காரப் பெண், புதிய வங்கி அட்டைக்கான உறையைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். பார்கவி காதில் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் உதடு அசைத்துப் பழகிக்கொண்டு, கூட்டம் முழுவதற்கும் கேட்க, ஒரு பிழையும் இல்லாமல் கூப்பிட்டாள்.

"மிஸிஸ் எங்கடவற்ற."

"ஓம்" என்று இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்.